ஐந்து நொடி இடைவெளி

அந்த ஆஸ்பத்திரியில் ‘காது சார்’ என்றால் தெரியாதவர் கிடையாது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டீர்களானால் வாசல் காவலாளியே உதட்டைப் பிதுக்குவார். இரண்டாம் மாடியில், காது மூக்கு தொண்டைப் பிரிவின் கடைசி அறையில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களுக்கு எவ்வளவு கேட்கிறது என்று பார்த்து எழுதிக் கொடுப்பது அவர் வேலை. இருபத்தேழு வருடமாக எழுதிக் கொடுக்கிறார். வயது ஐம்பத்துநாலு ஆகிவிட்டது.

அவருடைய அறைக்குள் இன்னொரு குட்டி அறை உண்டு. ஒரு சாண் தடிமனுக்குக் கதவு, சுவரெல்லாம் துளை போட்ட பலகை, நடுவில் ஒரு நாற்காலி, ஒரு ஹெட்போன். ஒரு பக்கம் மட்டும் இரட்டைக் கண்ணாடி போட்ட ஜன்னல். நோயாளி உள்ளே, சார் வெளியே. சார் ஒரு சின்னச் சத்தத்தை அனுப்புவார். கேட்டால் நோயாளி கையைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். கேட்காமலே சும்மா கையைத் தூக்குகிற கெட்டிக்காரர்கள் தினமும் நாலு பேராவது வருவார்கள். அவர்களையும் கண்டுபிடித்துவிடுவார்.

இதற்கு மேல் இன்னொரு சோதனை இருக்கிறது. இதைக் கொஞ்சம் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். பேச்சு புரிகிறதா என்று பார்க்க இருபத்தைந்து சொற்கள் கொண்ட ஒரு பட்டியல். மைக்கில் ஒவ்வொன்றாகச் சொல்வார். நோயாளி உதட்டைப் பார்த்து ஊகித்துவிடக் கூடாது என்று வாய்க்கு முன்னால் ஒரு அட்டையைப் பிடித்துக்கொள்வார். “சொல்லுங்க, கதவு” என்பார். ஐந்து நொடி காத்திருப்பார். நோயாளி கதவு என்று சொன்னாலும் கழுதை என்று சொன்னாலும் அவர் பதில் ஒன்றுதான். “சரி. நல்லது. அடுத்தது.” தப்பு என்று குரலில் காட்டிவிட்டால் மனுஷன் மிரண்டுபோய் மிச்சத்தையும் கோட்டை விட்டுவிடுவான், அதனால் காட்டவே கூடாது என்று அவரைப் பழக்கிய டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இவரும் இருபத்தேழு வருடத்தில் ஒரு தடவைகூடக் காட்டியதில்லை. நாளுக்கு இருநூறு தடவையாவது “சரி, நல்லது, அடுத்தது” சொல்கிற வாய் அது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அந்த வாய்க்கு வேலை கிடையாது. வீடு என்றால் மூன்றாவது மாடியில் ஒரு அறை, ஒரு சமையல் மேடை. கல்யாணப் பேச்சு நாலைந்து இடத்தில் வந்தது, ஒன்றும் கூடி வரவில்லை, அப்புறம் வருவதும் நின்றுபோனது. பக்கத்து வீட்டுக்காரர்களிடம் “தண்ணி வந்துடுச்சா?” என்பதோடு சரி. பாவம் மனுஷன், ஊருக்கெல்லாம் காது பார்க்கிறார், அவர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்க ஒரு ஆள் இல்லை.

ஒரே ஒரு ஆளைத் தவிர. அக்கா.

அக்கா ஒன்பது வயது மூத்தவர். முப்பது வருடம் ஒரு பெரிய ஓட்டலின் டெலிபோன் போர்டில் உட்கார்ந்து, வருகிற அழைப்பை அந்தந்த அறைக்கு மாற்றிவிட்டவர். யாராவது ‘ஹலோ’வின் முதல் எழுத்தை ஆரம்பித்தாலே போதும், ஆள் இன்னார் என்று சொல்லிவிடுவார். ஓய்வு பெற்று, இப்போது மகளோடு வேறு ஊரில் இருக்கிறார். பஸ்ஸில் முழுசாகப் பத்து மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குத் தம்பி போன் பண்ணுவார். அந்த வாரம் நடந்த ஒன்றுமில்லாத விஷயங்களையெல்லாம் ஒரு மணி நேரம் இரண்டு பேரும் அலசுவார்கள். வாரம் முழுக்க அவர் பேசுகிற சொந்தப் பேச்சு அந்த ஒரு மணி நேரம்தான்.

அதில்தான் மண் விழுந்தது. இரண்டு வருடமாக அக்கா எதைக் கேட்டாலும் “சரி சரி” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். “முட்டி வலி எப்படி இருக்குக்கா?” “சரி சரி.” “மருமகன் ஊருக்குப் போயிட்டாரா?” “சரி சரி.” ஒரு தடவை “மூணு நாளா காய்ச்சல்க்கா, எழுந்திருக்கவே முடியல” என்றார் தம்பி. “சரிடா, ரொம்ப சந்தோஷம்” என்றார் அக்கா. போனை வைத்தார் காது சார். அவருக்கா தெரியாது? தினமும் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கிற விஷயம்தானே.

நேரில் போனபோது கேட்டுப் பார்த்தார். நேரில் அக்கா படு கெட்டிக்காரி. முகத்தைப் பார்த்து, உதட்டைப் பார்த்து, பத்தில் எட்டைப் பிடித்துவிடுவார். “எனக்கென்னடா, நல்லாத்தான் கேக்குது. உன் போன்தான் சரியில்ல, மாத்து” என்று எரிந்து விழுந்தார். இவரும் போனை மாற்றினார். ஒன்றும் மாறவில்லை. ஒரு மணி நேரப் பேச்சு இருபது நிமிஷமாகி, பத்தாகி, போன மாதம் நாலு நிமிஷத்தில் வந்து நின்றது. இதுவும் போய்விட்டால் பிறகு எனக்கு என்ன இருக்கிறது என்று அவர் கவலைப்பட்டார்.

வழி சொன்னவள் அக்கா மகள். “மாமா, போன்ல நீங்க பேசுறது அம்மாவுக்குப் பிடிபடல. திரும்பக் கேக்கவும் வெக்கப்படுறாங்க. நீங்க பேசி ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க. பெரிய ஸ்பீக்கர்ல போட்டு விடுறேன், எத்தனை தடவை வேணும்னாலும் கேக்கட்டும். இப்பல்லாம் ஆளாளுக்குப் பாட்காஸ்ட் பண்றாங்க, நீங்களும் ஒண்ணு ஆரம்பிங்க.”

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் நம்ம சார் எதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்கிற ஜாதி இல்லையே. மறுநாளே நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் ‘பாட்காஸ்ட் - முன்னேற்பாடு’ என்று எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டார். தலைப்பு: காதோடு ஒரு பேச்சு. பொருள்: காது பராமரிப்பு. நேரம்: பன்னிரண்டு நிமிடம். யாருக்காக: பொதுமக்கள். எழுதிவிட்டுப் பேனாவை மூடினார். மறுபடியும் திறந்து, பொதுமக்களுக்குக் கீழே பொடி எழுத்தில் ‘அக்கா’ என்று சேர்த்தார்.

அக்காவோடு பேச வேண்டும் என்றால் அக்காவோடு பேச வேண்டியதுதானே, அதற்கு எதற்குக் காது பராமரிப்பு என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்கிறேன். ஆனால் சொந்த விஷயத்தை மைக் முன்னால் பேசினால் யாராவது சிரிப்பார்கள் என்று அவருக்குப் பயம். தவிர, காதைப் பற்றிப் பேசினால் அக்கா தானாகவே புரிந்துகொண்டு, ஒரு தடவை சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பி வருவார் என்று ஒரு நப்பாசை.

வீட்டில் பதிவு பண்ண முடியுமா என்று முதலில் பார்த்தார். நோட்டில் சத்தங்களைப் பட்டியல் போட்டார். ஃப்ரிட்ஜ் பதினெட்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை உறுமுகிறது. குழாய் சொட்டுகிறது. மாடி வீட்டில் யாரோ நாற்காலியைத் தரதரவென்று இழுக்கிறார்கள், அதுவும் சொல்லி வைத்தாற்போல் இவர் வாயைத் திறக்கும்போது. போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு பேசிப் பார்த்தார். மூச்சு முட்டியது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஊரிலேயே அமைதியான அறையின் சாவி இருபத்தேழு வருடமாகத் தன் சட்டைப் பையில் கிடக்கிறது!

பெரிய டாக்டரிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். “பேஷண்ட் இல்லாத நேரத்துல என்னமோ பண்ணுங்க. கதவை மட்டும் உள்ளே தாழ் போட்டுக்காதீங்க” என்றார் அவர்.

அடுத்த அறையில் திக்குவாய்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பேச்சு டீச்சர் சட்டையில் மாட்டுகிற சின்ன மைக் ஒன்றைக் கடன் கொடுத்தாள். முப்பது வயதுப் பெண், கலகலப்பானவள். “ஆரம்பத்துல ஒரு வணக்கம், முடிவுல ஒரு நன்றி. நடுவுல உங்க இஷ்டம் சார்” என்றாள். வரிவரியாக எழுதி, ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்து, காலை ஏழரை மணிக்கு, வெளிநோயாளிகள் வரிசை ஆரம்பிக்கும் முன்னால், அந்தக் குட்டி அறைக்குள் நோயாளியின் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்ததே இல்லை. கதவு மூடியதும் தன் மூச்சே தனக்குப் பெரிசாகக் கேட்டது. கண்ணாடிக்கு வெளியே அவருடைய காலி நாற்காலி தெரிந்தது.

பன்னிரண்டு நிமிஷத்துக்குப் போட்ட திட்டம் முப்பத்தொரு நிமிஷத்தில் முடிந்தது. பேச்சு டீச்சர் இரண்டு நிமிஷம் கேட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு முடியாமல் சிரித்தேவிட்டாள்.

“சார், ஏன் இப்படிப் பானைக்குள்ள தலையை விட்டுப் பேசுற மாதிரி இருக்கு? வாய்க்கு முன்னாடி எதையாவது பிடிச்சிருந்தீங்களா?”

சார் கையைப் பார்த்தார். அட்டை கையிலேயே இருந்தது.

“சரி, அது போகட்டும். ‘காதுக்குள்ள குச்சி விடாதீங்க’ன்னு சொல்றீங்க. நல்ல விஷயம். அப்புறம் ஏன் சார் ஊமையாயிடுறீங்க? ஒண்ணு ரெண்டு மூணு நாலு அஞ்சு... அப்புறம் ‘சரி, நல்லது, அடுத்தது’. யாருக்கு சார் சரி? யாரு பதில் சொன்னா?”

அவருக்குக் காது மடல் சிவந்துவிட்டது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் ஐந்து நொடி காத்திருந்திருக்கிறார். வேண்டுமென்று செய்யவில்லை. அவர் பேசினால் பதில் வந்தாக வேண்டும், அதற்கு இடம் விட்டாக வேண்டும், அந்த நாக்குக்குப் பழக்கம் அப்படி.

“இதெல்லாம் வெட்டிடணும் சார். இடைவெளி விட்டா கேக்குறவங்க ஓடிப்போயிடுவாங்க” என்றாள் டீச்சர்.

மறுபடியும் பதிவு செய்தார், அட்டையை வெளியே மேஜையில் வைத்துவிட்டு. அப்போதும் இடைவெளி வராமல் இல்லை. போனில் வெட்டுவதற்கு ஒரு செயலியை டீச்சரே இறக்கிக் கொடுத்தாள். மூன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து ஒவ்வொரு மௌனமாகத் தேடித் தேடி வெட்டினார். ஒவ்வொரு ‘சரி’யையும், ஒவ்வொரு ‘நல்லதை’யும் கிள்ளி எறிந்தார். கடைசியில் சுத்தமாகப் பதினொன்றே முக்கால் நிமிஷம் நின்றது. வாயெல்லாம் பல்லாக அக்கா மகளுக்கு அனுப்பினார்.

அடுத்த ஞாயிறு பதினோரு மணி அடிக்கக் காத்திருந்து போன் பண்ணினார். மகள் பக்கத்தில் நின்று அக்காவின் காதருகே கத்தியிருக்க வேண்டும். அக்காவே பேச்சை எடுத்தார்.

“கேட்டேன்டா தம்பி. நல்லா இருந்துச்சு. யாரோ டாக்டரு, தங்கு தடையில்லாம விறுவிறுன்னு பேசுறாரு. காதுக்குள்ள குச்சி விடக் கூடாதாம். ஆமா, நீயும் பேசி அனுப்புறேன்னியாமே? நீ எப்ப பேசுவ?”

 முதல் எழுத்திலேயே ஆளைப் பிடிக்கிற அக்கா! பதினொன்றே முக்கால் நிமிஷம் கேட்டும் தம்பியின் குரல் தெரியவில்லை. “சரி சரி, வச்சிடறேன்” என்று அக்காவே வைத்துவிட்டார். அன்று அவர் சமைக்கவில்லை. கட்டிலில் படுத்துக்கொண்டு ஃப்ரிட்ஜ் எத்தனை தடவை உறுமுகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தார். அழுகை வந்தது, அழுதார். யாரும் பார்க்கவில்லை என்பதால் கண்ணைத் துடைக்கவும் அவசரப்படவில்லை.

மறுநாள் காலை ஏழரைக்குக் குட்டி அறைக்குள் போனபோது கையில் நோட்டு இல்லை. மைக்கை மாட்டினார். வணக்கம் சொல்லவில்லை.

“அக்கா, நான்தான். தம்பி பேசுறேன்” என்றார். நின்றார். “சரி. நல்லது.”

பிறகு வாய் தானாக ஓடியது. குழாய் சொட்டுகிற கதை. பால் காய்ச்சப்போய்ப் பாத்திரத்தைக் கரியாக்கின கதை. “முட்டி வலி எப்படிக்கா இருக்கு?” ஒரு இடைவெளி. “சரி. நல்லது. அடுத்தது.” தொண்ணூறு வயதுக் கிழவர் ஒருவர் சோதனைக்கு வந்து, கேட்காத சத்தத்துக்கெல்லாம் கையைத் தூக்கிவிட்டு, கேட்டால் ‘உன் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான்யா’ என்று சொன்ன கதை. அதைச் சொல்லி அவரே சிரித்தார். சிரிப்பு நின்ற கையோடு, இரண்டு வருடமாக நேரிலும் போனிலும் கேட்கத் துணியாத ஒன்றைக் கேட்டுவிட்டார். “ஏன்க்கா, ஞாயித்துக்கிழமை நான் பேசுறது உனக்குக் கேக்குதா, இல்லையா? உண்மையைச் சொல்லு.”

ஐந்து நொடி. “சரி. நல்லது. அடுத்தது. எங்க மாடி வீட்டுக்காரர் இருக்காரே...”

இந்தத் தடவை எதையும் வெட்டவில்லை. ஒரே ஒரு ஆள்தானே கேட்கப் போகிறது, அந்த ஆள் எங்கே ஓடிவிடப் போகிறது? அப்படியே அனுப்பிவிட்டார்.

அந்த ஞாயிறு போனை மகள்தான் எடுத்தாள். அம்மா குளிக்கிறார் என்றாள். “மாமா, ஸ்பீக்கர்கிட்டயே நாற்காலியைப் போட்டு உக்காந்து நாலு தடவை கேட்டாங்க. நாலாவது தடவை கதவைச் சாத்திக்கிட்டு, நீங்க நிறுத்துற இடத்துலல்லாம் பதில் சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க. நான் வெளியே நின்னு என் போன்ல ரெக்கார்ட் பண்ணிட்டேன். அவங்களுக்குத் தெரியாது. உங்களுக்கு அனுப்புறேன். நீங்களே கேளுங்க, நான் ஒண்ணும் சொல்லல.”

வீட்டில் கேட்க அவருக்கு மனசு வரவில்லை. சொட்டுகிற குழாயும் நாற்காலி இழுப்பும் நடுவில் வந்து ஒரு சொல் தவறிவிட்டால்? திங்கட்கிழமை காலை குட்டி அறைக்குள் போய், கேட்டு முடித்ததும் அடுத்ததைப் பேசிவிடலாம் என்று மைக்கைச் சட்டையில் மாட்டி, நோயாளியின் ஹெட்போனைப் போனில் செருகி, மாட்டிக்கொண்டார். வெளியே பெருக்குகிற அம்மா வாளியோடு வந்து தரை துடைக்க ஆரம்பித்திருந்தார். அவருடைய சத்தம் எதுவும் உள்ளே வரவில்லை.

முதலில் அவர் குரல். அக்கா, நான்தான், தம்பி பேசுறேன்.

“தெரியுதுடா. இப்படி நின்னு நின்னு உன்னை விட்டா யாரு பேசுவா?” என்றது அக்காவின் குரல்.

சரி. நல்லது.

அவருக்குச் சிரிப்பு வந்தது. குழாய்க்கு அக்கா திட்டினார். பால் பாத்திரத்துக்கு இன்னும் கொஞ்சம் திட்டினார். முட்டி வலி மாடிப்படி ஏறும்போதுதான் உயிரை எடுக்கிறது என்றார். சரி, நல்லது, அடுத்தது என்றார் தம்பி. கிழவர் கதைக்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். பழைய ஞாயிற்றுக்கிழமை மாதிரியே இருந்தது. அப்புறம் அந்தக் கேள்வி வந்தது. உனக்குக் கேக்குதா, இல்லையா? உண்மையைச் சொல்லு.

அக்கா உடனே பேசவில்லை. ஒரு நொடி, இரண்டு நொடி போயிற்று.

“இல்லடா தம்பி. கேக்கல” என்றார். குரல் சின்னதாக இருந்தது. “ரெண்டு வருஷமா ஒரு வார்த்தையும்...”

“சரி. நல்லது. அடுத்தது” என்றது காது சாரின் குரல். அட்சரம் பிசகாமல், இருபத்தேழு வருடமாகச் சொல்கிற அதே தொனியில். “எங்க மாடி வீட்டுக்காரர் இருக்காரே...”

“உன்கிட்ட சொன்னா போன் பண்றதை நிறுத்திடுவியோன்னு...” என்று அக்கா அதன் மேலேயே பேசிப் பார்த்தார். மாடி வீட்டுக்காரர் நாற்காலி இழுக்கிற கதை நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. “சரி சரி” என்று சொல்லிவிட்டு அக்கா அதற்குப் பிறகு எந்த இடைவெளியிலும் பேசவில்லை.

காது சார் அதை மறுபடி போட்டார். இல்லடா தம்பி, கேக்கல. மறுபடி போட்டார். மூன்றாவது தடவை அந்த இடம் வந்தபோது அவருடைய வலது கை தானாக எழுந்தது. கேட்டுவிட்டது என்று நோயாளிகள் தூக்குவார்களே, அப்படித்தான். கண்ணாடிக்கு வெளியே அவருடைய நாற்காலி காலியாக இருந்தது.

தரை துடைத்துக்கொண்டிருந்த பெருக்குகிற அம்மா நிமிர்ந்து பார்த்தார். துடைப்பானைச் சுவரில் சாத்திவிட்டு வந்து கதவைத் திறந்தார்.

“என்ன சார், காலங்காத்தால கையைத் தூக்கிக்கிட்டு? உங்களுக்கே டெஸ்டா?”

அவர் ஹெட்போனைக் கழற்றினார். கையை இறக்க மறந்துவிட்டார்.

“எங்க அக்கா பேசினாங்கம்மா.”

“நல்லதுதானே. என்ன சொன்னாங்க?”

“கேக்கலன்னு சொன்னாங்க.”

“அடப் பாவமே. அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?”

அவர் கண்ணில் தண்ணீர் வழிந்து சட்டையில் மாட்டியிருந்த மைக் மேல் சொட்டியது.

“நல்லதுன்னு சொல்லிட்டேம்மா” என்றார்.